வந்தால் மணக்கும் மலை

நவ. 10, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. கொழுந்து முழுக்க ஈரம். வாட்டும் தொட்டியில் பரப்பி, அடியில் விசிறி ஓடிக்கொண்டே இருந்தும் இலை விறைப்பாகக் கிடக்கிறது. வாடினால்தான் உருட்டலாம், உருட்டினால்தான் தேயிலை. முப்பது வருடமாக எனக்கு இதே வேலை.

வழக்கம்போல் தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்: "வாட்டல். தொட்டி 1, 2, 3. ஈரம் அதிகம். தாமதம்." கொழுந்து வெட்டுகிறவர்கள், லோரிக்காரர், ஆபீஸ் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். யாரும் பதில் போடுவதில்லை. போட என்ன இருக்கிறது?

சாப்பாடு:
காலை - நேற்றுச் சோறு, தயிர், ஊறுகாய்
பகல் - அதே
சாயங்காலம் - பாக்கெட் மீ (நூடுல்ஸ்), முட்டை

கணக்கெழுதும் கிராணி ஆபீஸ் ஜன்னலிலிருந்து கூப்பிட்டார். "மாரி, ஒன் சம்சாரம் லீவு இந்த மாசம் முப்பதோட முடியுது லா. ஒண்ணாந்தேதி கொழுந்துக்கு வரலன்னா பேர வெட்டிடுவாங்க. துரை சொல்லிட்டாரு. அப்புறம் என்ன வந்து கேக்காத."

"வந்துருவா" என்றேன். எந்த வாயால் சொன்னேனோ தெரியவில்லை. பேரை வெட்டிவிட்டால் அவளுக்கு இந்த மலைக்கு வர ஒரு காரணமும் இருக்காது. என்னைத் தவிர. அந்தக் காரணத்தைத்தான் நானே கெடுத்து வைத்திருக்கிறேன்.

செண்பகம் போய் எழுபத்தைந்து நாள். எண்ணவில்லை என்று எழுதினால் பொய். யாரும் படிக்கப்போகாத டைரியில் பொய் எதற்கு?

நவ. 11, செவ்வாய்

மழை விட்டது. பனி. எதிர் வரிசை வீடே தெரியவில்லை.

நடந்ததை ஒரு தரம் எழுதிவிடுகிறேன், மனசு ஆறுகிறதா பார்க்கலாம். மகள் தேவிக்கு ஜொகூரில், ஒரு ராத்திரி பஸ் தூரத்தில், பிரசவம். தாய் போகத்தான் வேண்டும், நான் தடுக்கவில்லை. முதலில் ஒரு மாதம் என்றாள். பிறகு என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஆபீஸில் மூன்று மாதம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். எனக்குக் கோபம். பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றவளைப் பார்த்துச் சொன்னேன். "போறதுன்னா போ. அங்கயே இரு. இங்க யாரும் ஒன்ன தேடல."

அவள் கையில் வைத்திருந்த சட்டையை மட்டும் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். என்னுடைய பழைய நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை அது. சேலைக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டுதான் கொழுந்துக்குப் போவாள். மாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

சட்டை அங்கேயேதான் இருக்கிறது. நான் தொடவில்லை. எலி கடித்திருக்கிறதா என்று மட்டும் தினமும் பார்ப்பேன்.

தீபாவளிக்கு அவள் வரவில்லை, நானும் போகவில்லை. பஸ்ஸில் இடமில்லை என்று தேவியிடம் சொன்னேன். டிக்கெட் கேட்கவே இல்லை. பக்கத்து வீட்டு முறுக்கைத் தின்றுவிட்டு மத்தியானமே போர்த்திக்கொண்டு படுத்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

போனில் பேசுவது உண்டு. தேவி பேசி அவளிடம் கொடுப்பாள். "சாப்பிட்டீங்களா?" "ம்." "மழையா?" "ம்." அவ்வளவுதான். போன மாதம் ஒரு நாள் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. பகல் பன்னிரண்டுக்கே தேவி கூப்பிட்டு, "அப்பா, உடம்பு சரியில்லையா? அம்மா கேக்க சொன்னாங்க" என்றாள். எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை புரியவில்லை.

நவ. 13, வியாழன்

வெயில் ஒரு மணி நேரம். போர்வை காயப்போட்டேன்.

இன்று ஈற்றடி வந்தது.

செப்டம்பரில் வீடு வெறிச்சோடிக் கிடந்தபோது ஒரு வெண்பாக் குரூப்பில் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு விட்ட ஆசை. நடத்துகிறவள் ஜெசிந்தா. இதே மலையில் கோலா தெர்லாவில் தோட்டத்துப் பிள்ளையாகப் பிறந்தவள், இப்போது ஈப்போவில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிறாள். வயது தேவியை விடக் குறைவுதான் இருக்கும். என்னை அங்கிள் என்பாள். ஆனால் பிழை கண்டால் விடமாட்டாள். நாற்பது பேர் இருக்கிறோம், எல்லாருக்கும் அவளிடம் பயம்.

முறை இதுதான். வெண்பாவுக்கு நாலு அடி. அவள் கடைசி அடியைக் கொடுப்பாள், மேலே மூன்றடியை நாங்கள் கட்ட வேண்டும். வீட்டுக்குக் கூரையைக் கொடுத்துவிட்டுச் சுவர் எழுப்பச் சொல்கிற மாதிரி. இரண்டு வாரத்துக்கு ஒன்று.

இந்தத் தடவை: வந்தால் மணக்கும் மலை.

தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு படித்தேன். நெஞ்சில் குத்தியது. அவள் ஏதோ பூ பூக்கிற காலத்தை நினைத்துக் கொடுத்திருப்பாள். எனக்கு ஒரே ஆள்தான் ஞாபகம் வந்தாள்.

இதைச் சரியாகக் கட்டி, பிழை பார்த்து, தேவி போனுக்கு அனுப்பி, "அம்மாகிட்ட காட்டு" என்று சொல்ல வேண்டும். முப்பதுக்குள். இதுதான் திட்டம். நேராகப் பேச வாய் வராது, பாட்டாக இருந்தால் வரும்.

நவ. 15, சனி

பனி, தூறல். இடது முழங்கால் வலி.

ஜெசிந்தா இன்று பாட்டு எங்கிருந்து வந்தது என்று குரல் பதிவு போட்டாள். மூன்று முறை கேட்டேன். ஞாபகத்துக்குச் சில:

- எழுதுவதற்கு முன்னாலேயே பாட்டு இருந்தது. தாலாட்டு, ஒப்பாரி, நடவு. வேலைக்கும் அழுகைக்கும் பிறந்தது.
- எதுகை மோனை அழகுக்கு வைத்ததில்லை. மறக்காமல் இருக்கப் போட்ட முடிச்சு.
- பிறகு ஓலை, பிறகு காகிதம், அச்சு. கண்ணால் படிக்க ஆரம்பித்ததும் யாப்பு தளர்ந்தது, புதுக்கவிதை வந்தது. "வசனத்த ஒடைச்சி போட்டா கவித ஆயிடாது, அங்கிள். யாப்பு போனாலும் மூச்சு இருக்கணும்."
- பழைய பாட்டில் இரண்டு பக்கம். வீட்டுக்குள் நடப்பது அகம். ஊரறிய நடப்பது புறம்.
- அகத்துக்கு ஐந்து நிலம். மலை என்றால் குறிஞ்சி. குறிஞ்சி என்றால் சேர்ந்திருப்பது.

இந்தக் கடைசியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. குரூப்பில் கேட்டேன். "அம்மா, நான் இருப்பது மலையில். மலையில் சேர்ந்திருப்பதுதான் சட்டம் என்றால் இங்கே ஏன் ஒரு தட்டு மட்டும் கழுவுகிறேன்?"

ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். ஜெசிந்தா சிரிக்கவில்லை. "நீங்க இருக்கறது மல, அங்கிள். ஒங்க மனசு இருக்கறது முல்லையில. முல்லைன்னா காத்திருக்கறது."

முல்லையில் காத்திருப்பது பெண்ணாம். ஆண் போருக்குப் போய் மழைக்காலத்துக்குள் தேரில் திரும்பி வருவானாம். இங்கே எல்லாம் தலைகீழ். போனவள் தலைவி. அடுப்பு துடைப்பவன் தலைவன். தேருக்குப் பதில் ஜொகூர் பஸ்.

நவ. 16, ஞாயிறு

ரிங்லெட் போனேன். அரிசி, பல்பு, முழங்காலுக்குத் தைலம். லோரி ஓட்டும் குமார் ஏற்றிப்போனான். வழியெல்லாம் விரலை மடக்கிக்கொண்டே வந்தேன்.

"என்னாண்ணே, விரத நாளு எண்றீங்களா?"

"அசை எண்றேன்டா."

"யாரு அசையறா?"

அவனிடம் விளக்க முடியுமா? எழுத்து சேர்ந்தால் அசை. அசை இரண்டு வகை, நேர், நிரை. 'வா' என்றால் நேர். 'மலை' என்றால் நிரை. அசை சேர்ந்தால் சீர், சீர் சேர்ந்தால் அடி. இவ்வளவும் எளிது. சீரும் சீரும் சேரும் இடம்தான் கஷ்டம், அதற்குத் தளை என்று பெயர். முன் சீர் எப்படி முடிகிறதோ அதைப் பார்த்துத்தான் அடுத்த சீர் தொடங்க வேண்டும். மாச்சீரில் முடிந்தால் நிரையில் தொடங்கு. விளச்சீரிலோ காய்ச்சீரிலோ முடிந்தால் நேரில் தொடங்கு. தப்பினால் தளை தட்டும்.

என் முதல் அடி: கொழுந்து நிறைந்த கூடை சுமந்து. அனுப்பிய ஐந்தாவது நிமிடம் ஜெசிந்தா சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பிவிட்டாள். 'நிறைந்த' மாவில் முடிகிறது, 'கூடை' நேரில் தொடங்குகிறது, தட்டுகிறது.

அன்று வாசலிலும் இதுதான் நடந்தது. அவள் முடித்த இடம் ஒன்று, நான் தொடங்கிய இடம் வேறு. "மூணு மாசம் எழுதி குடுத்துட்டேங்க" என்று மெதுவாகத்தான் முடித்தாள். "ஏன், தேவிக்கு ரொம்ப முடியலையா?" என்று நான் தொடங்கியிருக்கலாம். புத்தி இப்போதுதான் வருகிறது.

பின்குறிப்பு: தேவிக்கு உண்மையிலேயே முடியாமல் இருந்தது. வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை. நான் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

நவ. 18, செவ்வாய்

மழை. தொட்டி 1, 3. ஈரம்.

அடி வரவில்லை. இலையைப் புரட்டிக்கொண்டே தொட்டி விளிம்பில் தாளம் போட்டுப் பார்த்தேன். பழசு ஒன்று ஞாபகத்துக்கு வந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் நான் கொழுந்து லோரியில் பின்னால் நிற்பவன். கீழே பாதையில் லோரி நிற்கும், பெண்கள் மேலே சரிவில். நான் கத்திக் கத்திப் பேசுவேன், சாக்கு எங்கே, சீக்கிரம் எங்கே என்று. ஒரு நாள் மேலேயிருந்து ஒரு குரல் பாட்டாகவே பதில் சொன்னது.

லோரிமேல நின்னுக்கிட்டு லொடலொடன்னு பேசுற ஆளே
ஏறிவரக் காலிருக்கா எறங்கத்தான் தெரியுமா

மலையே சிரித்தது. எசப்பாட்டு. ஒருவர் ஓர் அடி போட்டால் மற்றவர் திருப்பி அடிக்க வேண்டும். எனக்குப் பாட்டு வரவில்லை. காது சிவக்க நின்றேன். பிறகு இறங்கி, சாக்கை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தச் சரிவு முழுக்க வழுக்கி வழுக்கி ஏறினேன். குரலுக்கு உரியவள் நீலக் கட்டம் போட்ட சட்டையில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள், அது வேறு, அவள் அப்பாவின் சட்டை. திரும்பிப் பார்க்காமல், "காலு இருக்குது போல" என்றாள்.

இப்போது கத்திரி மெஷின் சத்தத்தில் யார் பாட முடியும்? வெட்டுகிறவர்களில் பாதிப் பேர் வங்காளதேசம், நேப்பாளம். சமையலறையில் மட்டும் பாடுவாள். ரசத்துக்கு ஓர் அடி, எலிக்கு ஓர் அடி. என்னைத் திட்டுவதற்கு நிறைய. வீட்டில் பாட்டுச் சத்தம் நின்று எண்பத்து மூன்று நாள்.

தேடுகிறது. எழுதிவிட்டேன். மனசு அவளை ரொம்பத் தேடுகிறது.

நவ. 19, புதன்

முடிந்தது. பகல் சாப்பாட்டு நேரத்தில், சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து.

கொழுந்து தளிர்க்கும் குளிர்காற்று வீசும்
எழுந்தும் உறங்கியும் என்ன - பொழுதெல்லாம்
சிந்தையில் நீயன்றி யாருண்டு செண்பகமே
வந்தால் மணக்கும் மலை

நாலு முறை அலகிட்டுப் பார்த்தேன், தட்டவில்லை. எதுகை இருக்கிறது. மோனை இருக்கிறது. ஐம்பத்தேழு வயதில் முழுசாக ஒரு வெண்பா. சாயங்காலம் முட்டை இரண்டாகப் பொரித்துக்கொண்டேன்.

நவ. 20, வியாழன்

தெளிவு. குளிர்.

குரூப்பில் போடுவதற்கு முன் ஜெசிந்தாவுக்குத் தனியாக அனுப்பினேன். கூப்பிட்டாள். பின்னால் கிளினிக்கில் குழந்தை அழுகிற சத்தம்.

"அங்கிள், தள சுத்தம். ஆனா ஒண்ணு. இது அகம். அகப்பாட்டுல பேரு சொல்லக்கூடாது. பழைய விதி. தலைவன், தலைவி, அவ்ளோதான். பேரு வந்துட்டா புறம் ஆயிடும்."

"ஏன் அப்படி?"

"வீட்டுக்குள்ள விஷயம் யாரு வீடுன்னு தெரியக்கூடாது. பேரு இல்லன்னா படிக்கற எல்லாருக்கும் அது அவங்க கத. செண்பகமேங்கறத எடுத்துட்டு அதே அளவுல வேற ஒரு கூவிளங்காய் சீரு போடுங்க. சுலபம்."

சுலபம்தான். ஆனால் பேரை எடுத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். எனக்கு எல்லாருடைய கதையும் எதற்கு? ஆபீஸில்தான் அவள் பேரை வெட்டப்போகிறார்கள். நானும் வெட்டுவதா?

"பேரு இருக்கட்டும்மா" என்றேன்.

"ஒங்க இஷ்டம், அங்கிள். விதிய சொல்லிட்டேன்." சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

நாளைக் காலை வெண்பாக் குரூப்பில் போடுவது. நாற்பது பேர் சரி என்றால் தேவிக்கு.

நவ. 21, வெள்ளி

மானம் போயிற்று.

காலை ஏழு மணி. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டு குரூப்புக்கும் படம் ஒன்றுபோல் பச்சை மலை. கண்ணாடி இல்லாமலே வெண்பாவை ஒட்டி அனுப்பிவிட்டு வாட்டல் விவரம் போடலாம் என்று திறந்தால், வெண்பா தோட்டத்துக் குரூப்பில் நிற்கிறது. "தொட்டி 2, ஈரம்" என்பதற்குக் கீழே, "சிந்தையில் நீயன்றி யாருண்டு செண்பகமே".

அழி என்று அழுத்தினேன். எனக்கு மட்டும் அழிந்துவிட்டது. மற்ற எல்லாருக்கும் அப்படியே இருக்கிறதாம். இனி என்னால் எடுக்க முடியாதாம். குமார்தான் வந்து சொன்னான், அதுவும் சிரித்து முடித்து மூச்சு வாங்கிய பிறகு.

வந்த பதில்கள், குமார் போனில் பார்த்தது:
- குமார்: "அண்ணே, இது எந்த பிளாக் கொழுந்து?"
- வங்காளதேசத்துத் தம்பி ஒருவன்: கட்டைவிரல்.
- கிராணி: "ஒண்ணாந்தேதி ஞாபகம் இருக்கட்டும்."
- சின்னத் துரை, மலாய்க்காரர், போனில் மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறார்: மலையில் என்ன வாடை, எந்தப் பக்கத்தில் கோழி எரு போட்டார்கள் என்று விசாரித்திருந்தார்.

பகல் சாப்பிடப் போகும்போது வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தொண்டையைச் செருமினார்கள். ஒருத்தி, "அண்ணே, மணக்குதா?" என்றாள். தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

ஜெசிந்தா சொன்னதுபோல் பேரை எடுத்திருந்தால் ஏதோ பழைய பாட்டு, தவறி வந்துவிட்டது என்று சாதித்திருப்பேன். விதி என்று ஒன்றை வைத்தவர்கள் பைத்தியக்காரர்களா? என் அகம் ஒரே அழுத்தில் புறமாகிவிட்டது.

நவ. 22, சனி

மழை. பேச ஒன்றுமில்லை. தொட்டி 1, 2, 3 என்று மட்டும் போட்டேன். அதற்கு ஆறு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். தடிப்பயல்கள்.

மத்தியானம்தான் உறைத்தது. கொழுந்து வெட்டுகிறவர்கள் எல்லாரும் அந்தக் குரூப்பில் இருக்கிறார்கள். செண்பகமும் கொழுந்து வெட்டுகிறவள்தான். லீவில் போனவள். குரூப்பிலிருந்து போகவில்லை.

பெயர்ப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். இருக்கிறாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தண்ணீர் வைக்க மறந்துபோனேன்.

பார்த்திருப்பாள். நேற்றே பார்த்திருப்பாள். ஒரு சத்தமும் இல்லை.

நவ. 23, ஞாயிறு

போன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எப்போதும் வரும். வரவில்லை.

வெண்பாக் குரூப்பில் மற்றவர்கள் எல்லாரும் போட்டுவிட்டார்கள். மூடுபனி மணக்கிறது, மூலிகை மணக்கிறது, முருகன் மணக்கிறான். ஒன்றும் மனசில் நிற்கவில்லை. நான் போடவில்லை. ஜெசிந்தா, "அங்கிள்?" என்று மட்டும் கேட்டிருந்தாள்.

வீடு கூட்டினேன். இரண்டு முறை.

நவ. 24, திங்கள்

காலை பத்தேகாலுக்கு வந்தது. குரல் பதிவு. தேவி போனிலிருந்து இல்லை, அவள் போனிலிருந்தே. தொழிற்சாலைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஓடினேன், முழங்கால் வலி தெரியவில்லை. அவள் சொன்னது அப்படியே:

"ஏங்க, நாந்தான். பாட்டு நல்லாருக்குது. தேவி படிச்சிட்டு அழுதா. நான் அழுவல. ஊருக்கெல்லாம் சொன்னீங்க, லோரிக்காரன், கிராணி, தொரை வரைக்கும் சொன்னீங்க. எனக்கு சொல்லலையே? எம் பேரு போட்டு எல்லாருக்கும் வந்துச்சு, எனக்குன்னு ஒண்ணு வரல. நான் ஒங்க வாட்டலத்தான் தெனம் காலையில பாப்பேன். தொட்டி ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வந்தா சரி, மனுசன் எந்திரிச்சிட்டாரு, வேலைக்கு போயிட்டாருன்னு இருப்பேன். அன்னிக்கி ஒரு நாளு வரல. எனக்கு கையி காலு ஓடல. தேவிய கூப்புட சொன்னேன்."

பேரன் சிணுங்குகிற சத்தம், தொட்டில் கயிறு கிரீச்சிடுகிற சத்தம். பிறகு, தாலாட்டோடு தாலாட்டாக, அவனைத் தட்டிக்கொண்டே:

போன்னு சொன்ன வாயிக்குள்ள
வான்னு ஒரு சொல்லிருக்கா

அத்துடன் முடிந்துவிட்டது.

எண்பத்தொன்பது நாள் நான் எழுதின "ஈரம் அதிகம்" எல்லாவற்றையும் ஒருத்தி படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். யாரும் பதில் போடுவதில்லை என்று இந்த டைரியில் எழுதினவன் நான். தொட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன். கீழே போகிறவர்கள் பார்த்திருந்தாலும் பரவாயில்லை.

போன்னு, வான்னு. எதுகை தானாக விழுந்திருக்கிறது. எனக்கு ஏழு நாள் ஆயிற்று மூன்று அடிக்கு. அவள் பிள்ளையைத் தட்டுகிற நேரத்தில் இரண்டு அடி போட்டுவிட்டாள்.

நவ. 25, செவ்வாய்

பனி. தொட்டி 1, 2. போட்டேன். போடும்போது கை வேறு மாதிரி இருந்தது.

பதில் பாட்டு எழுத உட்கார்ந்தேன். எசப்பாட்டுக்கு எசப்பாட்டுத்தான் போட வேண்டும், முப்பத்து நாலு வருடக் கடன் வேறு. 'வாய்' என்று தொடங்கி மூன்று சீர் வந்தது. நாலாவது சீரில் தளை தட்டியது. திருத்தினேன். எதுகை போயிற்று. ஒரு மணி நேரம். பிறகு யோசித்தேன், அவள் கேட்டது என்ன? வான்னு ஒரு சொல். ஒரு சொல் கேட்டவளுக்கு இவன் பதினைந்து சீர் கட்டிக்கொண்டிருக்கிறான். காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி மேடு. அங்கேதான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். எனக்கு முன்னால் அந்த வங்காளதேசத்துத் தம்பி தன் வீட்டோடு பேசிக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் என்ன பேசுகிறான் என்று தெரிந்தது. அவன் முடிக்கும்வரை தள்ளி நின்றேன். போகும்போது என்னைப் பார்த்து, "தீடூர் சினி ஆ, அங்கிள்?" என்றான், இங்கேயே படுக்கப்போகிறீர்களா என்று. அவ்வளவு நேரம் நின்றிருக்கிறேன்.

முதல் தடவை பேர் மட்டும்தான் வந்தது, அழித்தேன். இரண்டாம் தடவை குமார் லோரி ஹாரன், அழித்தேன். மூன்றாவது:

"செண்பகம். அன்னிக்கி சொன்னது பொய்யி. ஒன்ன தேடுது. வா."

'வா' ஓர் எழுத்து. ஓர் அசை. நேர். கடைசியாக அதைப் பெண் பார்க்கப் போனபோது சொன்னேனா, பிறகு சொல்லவே இல்லையா, ஞாபகமில்லை.

இந்தத் தடவை யாருக்குப் போகிறது என்று மூன்று முறை பார்த்துவிட்டு அனுப்பினேன்.

நவ. 26, புதன்

காலை ஆறு மணிக்கே பதில்.

"சனிக்கெழம காலையில மலையடியில தாப்பாவுல எறங்குவேன். குமார அனுப்பாதீங்க. நீங்க வாங்க. தேவிக்கு இப்ப பரவால்ல, அவ மாமியாரு வந்துட்டாங்க. ஆணியில ஒரு சட்ட மாட்டிட்டு வந்தேனே, அது அங்கதான இருக்குது? தொவச்சி போடுங்க. ஒண்ணாந்தேதி கொழுந்துக்கு போட ஒண்ணுமில்ல."

ஆபீஸ் ஜன்னலில் போய்ச் சொன்னேன், திங்கட்கிழமை வருகிறாள் என்று. கிராணி பேனாவை எடுத்து என்னமோ எழுதினார். "மணக்கட்டும், மணக்கட்டும்" என்றார்.

சட்டையை ஆணியிலிருந்து எடுத்தேன். காலரில் தேங்காய் எண்ணெய், கையில் கொழுந்துச் சாறு காய்ந்த கறை. முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். துவைக்க மனம் வரவில்லை. துவைத்தேன்.

வாங்க வேண்டியது, பிரிஞ்சாங் கடைத்தெருவில்:
கறிவேப்பிலை
அவள் குடிக்கும் காப்பித் தூள்
பேரனுக்கு - இல்லை, அவன் வரவில்லை
தேங்காய் எண்ணெய்
இன்னொரு தட்டு (ஒன்று உடைந்துவிட்டது, சொல்லவில்லை)

ஜெசிந்தாவுக்கு எழுதினேன். "அம்மா, பேரு இருந்தது நல்லதாப் போச்சு. இந்தத் தடவை வெண்பாக் குரூப்பில் நான் போடவில்லை." சிரித்த முகம் ஒன்று வந்தது.

நவ. 28, வெள்ளி

இரண்டு நாளாக மழை. சட்டை காயவில்லை. அடுப்புக்கு மேலே கட்டினேன், புகை வாடை வந்துவிடும் என்று எடுத்துவிட்டேன். நாளைக்கு வருகிறாள்.

விடிந்ததும் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனேன். மூன்றாவது தொட்டி காலி. விசிறியைப் போட்டு, வலைமேல் சட்டையைக் கை விரித்துப் படுக்க வைத்தேன். காற்றில் கொஞ்சம் கொஞ்சமாக உப்பி எழுந்தது. குமார் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டான், நல்ல பிள்ளை.

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குரூப் பேரை நன்றாகப் படித்துப் பார்த்து, தோட்டத்துக் குரூப்பிலேயே போட்டேன்.

"வாட்டல். தொட்டி 1, 2 கொழுந்து. தொட்டி 3, நீலச் சட்டை ஒன்று. ஈரம் அதிகம். நாளைக்குள் காயும்."